மண்ணுக்குள் போகும் இரும்பு பைப்: டேப் சுற்றுவதற்கு முன்...

கிணற்றிலிருந்து வயலுக்கு இப்போதெல்லாம் பி.வி.சி. பைப்தான். ஆனாலும் சாலையைக் கடக்கும் இடம், ஓடைக் குறுக்கு, மோட்டாரிலிருந்து தரைக்குள் இறங்கும் வளைவு என்று பாரமும் அதிர்வும் தாங்க வேண்டிய இடங்களில் பலரும் இரும்பு பைப்பைத்தான் போடுகிறார்கள். மொத்த லைனில் அது இருபது, முப்பது அடிதான் இருக்கும். தொல்லை கொடுப்பதும் அந்த இருபது அடிதான். வயலில் பி.வி.சி. உடைந்தால் அன்றைக்கே தோண்டி ஒட்டிவிடலாம். சாலைக்கு அடியில் ஒழுகினால் சாலையை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். அதுவரை பயிர் காய வேண்டியதுதான்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். மண்ணில் உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்புத்தண்ணீர் பாயும் கரிசல், நீர் தேங்கும் களி, மாட்டுத்தொழுவத்தையும் எருக்குழியையும் ஒட்டிய இடம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே பைப் பாதி மணலிலும் பாதி களியிலும் கிடந்தால், காற்று குறைவாகக் கிடைக்கும் களிப்பகுதிதான் முதலில் அரிக்கும். பைப்பின் மேல்பக்கம் நன்றாக இருக்க, அடிப்பக்கம் குழி குழியாகப் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

‘ஜி.ஐ. பைப்தானே, துத்தநாகப் பூச்சு இருக்கிறதே’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பூச்சு காக்கும், உண்மைதான். ஆனால், மரை வெட்டும்போது அந்த இடத்தில் பூச்சு போய்விடுகிறது. வெல்டிங் சூட்டில் எரிந்துவிடுகிறது. சாக்கெட் ஓரத்தில் ஒழுகல் தொடங்குவது அதனால்தான்.

இதற்கான ரேப்பிங் டேப் இரண்டு வகையில் கிடைக்கிறது. குடிநீர்க் குழாய்களுக்குச் சுற்றும் தார் டேப் தடிமனானது. சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கும். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி ஒட்ட வேண்டும், பழகிய கை தேவை. மற்றொன்று, பாலித்தீன் ஷீட்டில் ரப்பர் பசை உள்ளது. இதற்குச் சூடு வேண்டாம். சிறு வேலைக்கு இது வசதி. எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு டேப் இந்த வேலைக்கு ஆகாது. மண்ணுக்குள் பசை விட்டு, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

டேப்பின் விலையைவிட, ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் ஆயுள் இருக்கிறது. முதலில் மோட்டாரை ஓட்டி, இணைப்புகளில் ஒழுகல் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷால் துரு, மண், வெல்டிங் கசடு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். காலைப் பனி ஈரத்தில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. அந்த டேப்புக்கு உரிய பிரைமரை மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, டேப்பை இழுத்துப் பிடித்துச் சாய்வாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதி அகலத்தை மூடினால் எல்லா இடமும் இரண்டு அடுக்கு ஆகிவிடும். சுருக்கமோ காற்றுக் குமிழோ தெரிந்தால் பிரித்துச் சுற்றுவதே நல்லது.

பைப் தரைக்கு மேலே வரும் இடத்தில் ஒரு அடி உயரம் வரை சுற்ற வேண்டும். ஈரமும் காற்றும் சந்திக்கும் இடம் அது. வெயில் படும் அந்தப் பகுதிக்கு மேலே பெயின்ட் அடித்தால் டேப் கெடாது. மூடும்போது அடியிலும் பக்கத்திலும் சலித்த மண் அல்லது மணல் போட வேண்டும். ஒரு கூர்க்கல் கிழித்தால் போதும், அந்த இடத்தில் அரிப்பு ஆழமாக இறங்கும்.

‘பழைய லைனில் ஓட்டை விழுந்த துண்டை மட்டும் மாற்றி, அதற்கு மட்டும் டேப் சுற்றினால் போதுமா?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. போதாது. துருப்பிடித்த பழைய இரும்போடு ஈரமண்ணில் இணைந்த புதுத்துண்டு, பழையதைவிட வேகமாக அரிக்கும். டேப்பில் சிறு துளை இருந்தாலும் அரிப்பு முழுவதும் அங்கேயே குவியும். குழியைக் கொஞ்சம் நீளமாகத் தோண்டி, எட்டும் வரை பழைய பைப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கும் சேர்த்தே சுற்றிவிட வேண்டும்.