நீங்க வரலைன்னா ஆட்டம் இல்ல!

நெல்லைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். வயது 48. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 210 என்று ரிப்போர்ட் வந்ததும் ஆடிப் போய்விட்டார். “நாளைக்கே நடக்க ஆரம்பிச்சிருதேன், டாக்டர்!”

சொன்னபடியே கேன்வாஸ் ஷூ வாங்கி நடந்தார். மாத்திரையும் நடையும் சேர்ந்து, மூன்றே மாதத்தில் சர்க்கரை 120-க்கு இறங்கியது. ஷூ பரணுக்கு ஏறியது! கேட்டால், “அதான் குறைஞ்சிட்டுல்லா?” என்கிறார்.

பயத்தின் குணமே இதுதான். முதல் நாள் உங்களை எழுப்பிவிடும். ரிப்போர்ட் நன்றாக வந்ததும் அதுவே தூங்கிவிடும். உடம்போ அப்படி இல்லை. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் நீடிப்பது ஓரிரு நாள்தான். நிறுத்தினால் பழைய கதைதான்.

சாப்பிட்டபின் சற்று நடக்க வேண்டும் என்று தேரையர் எப்போதோ சொல்லிவிட்டார். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, நல்லது என்று தெரியாமல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. (என் வீட்டு எக்சர்சைஸ் சைக்கிளில் இப்போது துண்டுதான் காய்கிறது!)

அண்ணாச்சி மறுபடி வந்தபோது நான் திட்டவில்லை. “பள்ளிக்கூடத்துல என்ன விளையாடுவீங்க?” என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. பூப்பந்து! இதயப் பரிசோதனை எல்லாம் முடித்து, பழைய கூட்டாளிகளோடு மைதானத்துக்கு அனுப்பினேன். பூப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் காலை ஆறு மணிக்கு போன் அடிக்கும்: “அண்ணாச்சி, நீங்க வரலைன்னா ஆட்டம் இல்ல!” நான் பயமுறுத்தி நடக்காதது அந்த போனில் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு, வியர்வை வந்தால் உதவும். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவர் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. “எனக்கு ஏது நேரம்? வீட்டு வேலை பத்தாதா?” என்றார். குனிந்து பெருக்குவதும் துடைப்பதும் பயிற்சிதான். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது அல்ல. 2022-க்கான ஓர் ஆய்வுக் கணக்குப்படி நம் நாட்டில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் சுமார் 57 சதவீதம், ஆண்கள் 42. பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்று நான் நம்பவில்லை. காலை ஆறு மணி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்!

“ஆட்டம் இல்லாத நாள்ல காலைக் காபியை நீங்க போடுங்க” என்றேன். அண்ணாச்சி சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

போன மாதம் இருவரும் வந்திருந்தார்கள். வாரத்தில் நாலு நாள் எதிர்வீட்டு அம்மா வந்து கேட்டைத் தட்ட, இவரும் நடக்கக் கிளம்பிவிடுகிறாராம்.

“எல்லாம் சரிதான் டாக்டர், அந்தக் காபியைத்தான் வாயில வைக்க முடியல” என்றார்.