தெளிந்த தண்ணீரும் மீனைக் கொல்லும், தெரியுமா?

பளிச்சென்று அடிமணல்வரை தெரியும் மீன் தொட்டித் தண்ணீரில், அத்தனை மீன்களையும் கொல்லும் அளவுக்கு விஷம் இருக்கலாம், தெரியுமா? அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் நம் மூக்குக்கு எட்டாது. அதை வெளியிலிருந்து யாரும் ஊற்றுவதும் இல்லை. மீனே தயாரிக்கிறது!

அதன் பெயர் அம்மோனியா. உணவிலுள்ள புரதத்தின் கழிவை நம் உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. மீனுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அம்மோனியாவாகவே, அதுவும் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விட்டுவிடுகிறது. மூச்சு விடும் இடமும் கழிவு போகும் இடமும் ஒன்றே! ஏரியில் அது கரைந்து காணாமல் போய்விடும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதோடு சேர்ந்துகொள்கிறது.

கொளத்தூர் மீன் கடையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கோல்டு ஃபிஷ் ஒரே வாரத்தில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். வேறு சில வீடுகளில், தீனி போட்ட குழந்தைக்குத் திட்டு விழும். பாவம், அந்தக் குழந்தை. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன் சாவதற்கு மிக வழக்கமான காரணம் அம்மோனியாதான்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். ஒரே அளவு அம்மோனியா ஒரு வீட்டுத் தொட்டியில் சும்மா கிடக்கும். பக்கத்து வீட்டில் மீனைக் கொல்லும்! தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் என்ற வடிவம் அவ்வளவு கெடுதல் செய்யாது. அம்மோனியா என்ற வடிவம்தான் செவுளைக் கடந்து உள்ளே புகுகிறது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால், மொத்தத்தில் அரை சதவீதம்தான் விஷ வடிவம். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வெயில் காலத்தில் தண்ணீர் சூடாக ஆக, விஷப் பங்கு இன்னும் ஏறும். பிஎச் 8-ஐ ஒட்டிய போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

இந்த பிஎச் அளவு எங்கே பிறந்தது தெரியுமா? பீர் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில்! 1909-இல் கோபன்ஹேகனில் இருக்கும் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்தது.

சரி, விஷத்தை மீனே தயாரிக்கிறது என்றால் எந்தத் தொட்டியிலும் மீன் பிழைக்கவே கூடாதே? பிழைக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தின்று, அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாக்கும். மீனுக்கு விஷம், அவற்றுக்குச் சாப்பாடு!

இதைக் கண்டுபிடித்த கதையில் ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்க மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒன்றால் ஒன்று வாழும் என்று 1850-இல் அறிவித்தார். இன்றைய வீட்டு மீன் தொட்டிகளுக்கு முன்னோடி அது. அவருடைய மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆண்டுக்கணக்காக மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாவது இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் என்று காட்டினார். ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் ரஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார். அப்பா தொட்டியை வைத்தார். அந்தத் தொட்டியை உயிரோடு வைத்திருக்கும் ரகசியத்தை மகன் மண்ணில் தேடினார். இதைப் படித்த நாளிலிருந்து எந்த மீன் தொட்டியைப் பார்த்தாலும் எனக்கு இந்த இருவர் ஞாபகம்தான்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு படிகளையும் தனி ஆளாக முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்று 2015-இல் உலகத்துக்குத் தெரிந்தது. அதைக் கண்டவர்களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்து!

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒன்று இரண்டாவதற்கே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். புதுத் தொட்டி பழகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது அதனால்தான். அவை குடியிருப்பது தண்ணீரில் அல்ல. பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மணலிலும்தான். ஆக, ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவுகிறோமே, அது சுத்தம் செய்வதே அல்ல. காவலர்களைக் கொன்றுவிட்டு வீட்டைப் பூட்டாமல் போவது! தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசினால் போதும்.

நடுவில் வரும் நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. அது மீனின் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடுகிறது. ரத்தம் பழுப்பாகிவிடும்! தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கு மருந்து நம் சமையலறையில் இருக்கிறது, தெரியுமா? உப்பு! நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் அதே வழியாகத்தான் உப்பிலுள்ள குளோரைடும் நுழைகிறது. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு ஒரு கிராம் தாராளம். அயோடின் சேர்க்காத கல் உப்பை நன்றாகக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். செடிகள் சிலவும், செதில் இல்லாத மீன்களும் உப்பை அதிகம் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பு சொன்ன குழாய்த் தண்ணீர்க் குளோரின், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது. ஆன்டி குளோரின் சொட்டுதான் வழி. அதில் வழக்கமாக இருப்பது, பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்றார்களே, அதே சோடியம் தயோசல்பேட்.

அதைவிட எனக்குக் கவலை தருவது கொசுவிரட்டி. அதிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தானே தண்ணீரில் விடுகிறது! தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டியை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியில் ஒரு விசித்திரம் நடக்கும். பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகி, பிஎச் 6-க்குக் கீழேகூட இறங்கிவிடும். அப்போது பாக்டீரியாக்களும் சோர்ந்துபோகும். சேரும் கழிவெல்லாம் அம்மோனியமாக அமைதியாகக் கிடக்கும், மீனும் நீந்திக்கொண்டிருக்கும். ஒரு நாள் பாசத்தோடு முழுத் தண்ணீரையும் கொட்டிப் போர் தண்ணீர் நிரப்ப உட்காருகிறோம். பாதி மாற்றும்போதே பிஎச் எகிறி, மிச்சமிருக்கும் அம்மோனியம் அம்மோனியாவாக மாறிவிடுகிறது. மறுநாள் காலை தொட்டியே காலி! இப்படிப்பட்ட தொட்டியில் தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

மற்றபடி அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறிவிட்டால் பதறாதீர்கள். அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீரை மாற்றுங்கள். பாதி மாற்றினால் விஷமும் பாதியாகும். புதுத் தண்ணீர் குளோரின் நீங்கியதாக, அதே சூட்டில் இருக்கட்டும். தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரிய மீன் பட்டினியால் சாகாது. ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள், ஃபில்டரை அணைக்காதீர்கள்.

மீன் கடைக்குப் போனால், இன்னொரு ஜோடி மீனை வாங்குவதற்கு முன்னால் ஓர் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். பெரும்பாலான கிட்களில், சொட்டு விட்ட தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் புது மீன் வேண்டாம், வாளியை எடுங்கள்.