பட்டினி கிடந்தால் ஏன் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறது?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகின்றன. அதே ஊரில், "என்னடி, உடம்பு போட்டுருச்சே" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிற பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மதியம் தட்டில் கை வைத்தால் நிறுத்த முடிவதில்லை. அப்புறம் தன் மேலேயே கோபம்.

ஏன் இப்படி? இரைப்பை காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி மூளையில் பசியைக் கிளப்புகிறது. கொழுப்பு கரையக் கரைய, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்காக ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிறு சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள், தட்டை நக்கினார்கள். அவ்வளவு மன உறுதி உள்ளவர்களுக்கே அந்த நிலை. பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்.

எப்படி மீள்வது? முதலில் வேளைக்குச் சாப்பிடணும். அடுத்து, நிதானமாகச் சாப்பிடணும். முருங்கைக்காய்ச் சாம்பாரை அவசரமாக விழுங்க முடியாது. காயைப் பிளந்து, சதையை வழித்து, சக்கையை ஓரமாக வைக்க வேண்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுசாக எட்ட 20 நிமிடம் போல ஆகும். சாப்பிட்டதை ஒளிந்து வாந்தியெடுக்கும் பிள்ளையை உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அது நோய், குணமாகும்.