உங்களுக்குத் தெரியுமா? வழி கேட்ட தோமா

● சென்னை கிண்டி மெட்ரோவுக்கு ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷன் சின்னமலை; மறுபக்கம் ஆலந்தூரைத் தாண்டினால் பரங்கிமலை. இயேசுவின் சீடர் புனித தோமையார் (தோமா) சின்னமலைக் குகையில் மறைந்திருந்தார், கி.பி. 72இல் பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. (வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.) கடைசி இராவுணவில், போகும் இடமே தெரியாதபோது வழி மட்டும் எப்படித் தெரியும் என்று இயேசுவிடம் கேட்டவர் இவர்தான். வழியும் உண்மையும் வாழ்வும் தாமே என்று இயேசு சொன்னது அந்தக் கேள்விக்குப் பதில். காலண்டரிலும் ஆட்டோ முதுகிலும் பதிலை மட்டும் எழுதிக்கொண்டு, கேட்டவருக்குச் ‘சந்தேகத் தோமா’ என்று பட்டம் கட்டிவிட்டோம். ரொம்ப அநியாயம்!

● அதே தோமாதான் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்ததும் ‘ஆண்டவர்’, ‘கடவுள்’ என இரண்டையும் சேர்த்து அழைத்தவர். மரபுப்படி அவர் உயிர்நீத்த பரங்கிமலையின் கோவில் பீடத்தில் இருப்பது, 1547இல் கிடைத்த கல் சிலுவை. அதைச் சுற்றி வெட்டியிருப்பது பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து.

● வாழ்வு தரும் அப்பம் தாமே என்று இயேசு சொன்னது, ஐந்து அப்பத்தால் ஐயாயிரம் பேரைப் பசியாற்றிய மறுநாள். கேட்ட சீடர்களில் பலர் அவரை விட்டே போய்விட்டார்கள்! நற்கருணையில் அந்த அப்பம் அவர் உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அது நினைவுகூரும் அடையாளமே என்பார்கள் பெந்தெகொஸ்தே சபையினர்.

● மார்த்தாவின் சகோதரன் லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாளாகியிருந்தது. உயிர்த்தெழுதல் கடைசி நாளில் நடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த உயிர்த்தெழுதலே தாம்தான் என்றார் இயேசு. அடக்க ஆராதனைகளில் இந்த வசனம் வாசிக்கப்படுவது இதனால்தான்: விசுவாசிக்கு ஆறுதல் ஒரு தேதியில் இல்லை, ஓர் ஆளிடம் இருக்கிறது.

● ஆபிரகாமுக்கு முன்பே தாம் இருக்கிறதாக இயேசு சொன்னதும் கேட்டவர்கள் கல்லை எடுத்தார்கள். ஏன்? ‘இருக்கிறேன்’ என்பது எரியும் முட்செடியில் மோசேயிடம் கடவுள் தம்மைச் சொன்ன விதம். கேட்டவர்களுக்கு அது தெய்வ நிந்தனை. கிறிஸ்தவர்களுக்கோ அவர் இறைவனே என்பதற்குச் சான்று.

● இயேசு தம்மைப் பற்றி அதிகம் சொன்ன பெயர் ‘மனுஷகுமாரன்’ (கத்தோலிக்கர் வழக்கில் ‘மானிட மகன்’). நான்கு நற்செய்திகளிலும் சுமார் 80 இடங்களில் வருகிறது. பாடுபடப் போகிறவரும் இவரே, தானியேல் கண்ட காட்சிபோல் மேகங்கள்மேல் வருகிறவரும் இவரே. ‘கிறிஸ்து’ என்று வெளியே சொல்லாதீர்கள் எனச் சீடர்களைத் தடுத்தவர், இந்தப் பெயரை மட்டும் தாராளமாகப் புழங்கினார்.

● இயேசு ‘நானே’ என்று தம்மைச் சொன்ன அப்பம், ஒளி, வாசல், நல்ல மேய்ப்பன், உயிர்த்தெழுதல், வழி, திராட்சைச் செடி என ஏழும் யோவான் நற்செய்தியில் மட்டுமே உள்ளன. தேடிப் படிக்க ஆசையா? 6, 8, 10, 11, 14, 15 ஆகிய ஆறு அதிகாரங்கள் போதும்.