முதல் மருந்து தோற்ற பிறகு

“எழுதுறதுக்கு வேற விசயமே கிடைக்கல்லயா மகள்?” கட்டுரையின் தலைப்பைச் சொன்னதும் உம்மா கேட்டது இதுதான். எயிட்ஸ் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஜெயபுரத்தில் மற்ற வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் உயர்தர வகுப்பில் வைரசுகளைப் பற்றிப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எச்.ஐ.வி. தொற்றை முற்றாக நீக்க முடியாது, ஆனால் ஒழுங்காக மருந்தெடுத்தால் மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழலாம் என்று படித்தோம். அந்த மருந்தே ஒருநாள் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது?

விடையின் பாதியை வாப்பாவிடமிருந்து பெற்றேன். அவர் வயல் செய்கிறவர். நெல்லில் அறக்கொட்டி விழுந்தால், “ஒரே மருந்த வருசா வருசம் அடிச்சா பூச்சிக்குப் பழகிப் போகும், மாத்தி அடிக்கோணும்” என்பார். உண்மையில் எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. பல்லாயிரம் பூச்சிகளில் மருந்துக்குத் தப்பக்கூடிய சில ஏற்கனவே இருக்கும். மற்றவை செத்த பிறகு அந்தச் சில மட்டும் பெருகி வயலை நிறைக்கும். அவ்வளவுதான்.

எச்.ஐ.வி.யிலும் இதே கதை, ஆனால் பல மடங்கு வேகத்தில். இந்த வைரசு தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. செய்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியம் அடிக்கடி பிழை விடும், விட்ட பிழையைத் திருத்தவும் அதற்குத் தெரியாது. மருந்தெடுக்காத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் புதிய வைரசுகள் உண்டாகின்றன. அத்தனை பிழைகளுக்குள் ஒன்று தற்செயலாக மருந்துக்குத் தப்பும் விகாரமாக அமைந்துவிடும். 1987 இல் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்தான சிடோவுடின் தனியாகக் கொடுக்கப்பட்டபோது நெடுநாள் தாக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே வைரசில் மூன்று மருந்துகளுக்கும் தப்பும் விகாரங்கள் ஒன்றாக அமைவது மிக அரிது. மரணங்கள் குறையத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எங்கள் பக்கத்து நாட்டில் இந்தக் கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. 1986 இல் மருத்துவர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி ஒருவரும் சேர்ந்துதான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். “இங்கே அப்படியொன்றும் இருக்காது” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மாணவி குருதி மாதிரிகளைச் சேகரித்தார். (இதை உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.) 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. இலங்கையிலும் மருந்து இலவசம்தான். ஆனால் சில வருடங்களில் சிலருக்கு முதல் மருந்துத் தொகுதி பலனளிக்காமல் போனது. அவர்களுக்கான இரண்டாம் நிலைச் சிகிச்சையை 2008 இல் இந்தியா முதலில் இரண்டே இடங்களில் ஆரம்பித்தது. ஒன்று மும்பை, மற்றது சென்னைக்கு அருகே தாம்பரத்திலுள்ள நெஞ்சக நோய் வைத்தியசாலை.

இனித்தான் கஷ்டமான பகுதி. பழைய முதல்நிலைத் தொகுதியில் பெரும்பாலும் லமிவுடின், அதனுடன் சிடோவுடின் போன்ற இன்னொன்று, மூன்றாவதாக நெவிராபின் அல்லது எஃபாவிரென்ஸ் இருந்தன. கடைசி இரண்டில் எதையும் தோற்கடிக்க வைரசுக்கு ஒரேயொரு விகாரம் போதும். லமிவுடினுக்கும் அப்படியே. ஆகவே இரண்டாவது தடவை வைரசின் வேறொரு நொதியத்தைத் தாக்கும் மருந்து தேவைப்பட்டது. லோபினாவிர் அப்படி வந்தது. வலிமையான மருந்துதான், ஆனால் வயிற்றோட்டம் வரும், குருதியில் கொழுப்பும் ஏறும். அதன் பழைய வடிவத்தைக் குளிரூட்டியில் வைக்கவேண்டியிருந்தது. எங்கள் வன்னி வெயிலில் குளிரூட்டி இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது? வெப்பத்தைத் தாங்கும் குளிசை பின்னர்தான் வந்தது.

லோபினாவிருடன் எதைச் சேர்ப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. பழைய தொகுதியிலிருந்த வகை மருந்துகளையே மீண்டும் சேர்ப்பதா, ரல்டெக்ராவிர் என்ற புதியதைச் சேர்ப்பதா? 2014 இல் வெளியான ஏர்னெஸ்ட் ஆய்வில் ஆபிரிக்காவைச் சேர்ந்த 1277 பேர் பங்குபற்றினார்கள். லோபினாவிரைத் தனியே தொடர்ந்தவர்களில் 61 வீதத்தினருக்கே 96 வாரங்களின் பின் வைரசு அடங்கியிருந்தது. பழைய வகையைச் சேர்த்தவர்களிலும் புதியதைச் சேர்த்தவர்களிலும் அது 86 வீதம். இரண்டும் சமம்! வைரசு ஏற்கனவே வென்றுவிட்டதாக நினைத்த மருந்துகள் இன்னும் உதவிக்கொண்டிருந்தன. லமிவுடினுக்குத் தப்பும் விகாரம் வைரசைப் பலவீனமாக்கியும் விடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு விசயம் எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது. எதிர்ப்பு விகாரங்கள் அதிகமாக இருந்தவர்களே இரண்டாவது சிகிச்சையில் நல்ல பலன் பெற்றார்கள். முதலில் இது தலைகீழாகத் தோன்றியது. பிறகு யோசித்தேன். மருந்து உடலில் இருந்தால்தான் அதற்குத் தப்பும் வைரசு தேறி வரும். விகாரமே இல்லாமல் சிகிச்சை தோற்றிருந்தால், பெரும்பாலும் அவர் குளிசையை விழுங்கவே இல்லை என்று அர்த்தம். அவருக்கு மருந்தை மாற்றுவது மட்டும் போதாது. பஸ் காசு இல்லையா, வீட்டில் ஒளித்துக் குடிக்க வேண்டியிருக்கிறதா, கிளினிக்கில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று பயமா என்று ஒருவர் இருந்து கேட்கவேண்டும்.

அதன் பின்னர் டொலுடெக்ராவிர் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு குளிசை, தொல்லை குறைவு, வைரசு இதற்கு இலகுவில் தப்புவதில்லை. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் முதல்நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இதையே விரும்பத்தக்கதாகப் பரிந்துரைத்தது. உகண்டா, கென்யா, சிம்பாப்வே நாடுகளில் 464 பேரைக் கொண்டு நடந்த நாடியா ஆய்வு, முதல் மருந்து தோற்றவர்களில் இதைத் தாருணாவிர் என்ற வலிமையான மருந்துடன் ஒப்பிட்டது. 96 வாரங்களில் டொலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 90 வீதத்தினருக்கும் தாருணாவிர் எடுத்தவர்களில் 87 வீதத்தினருக்கும் வைரசு அடங்கியிருந்தது. பழைய தொகுதியிலிருந்த டெனோஃபோவிரைத் தொடர்ந்தவர்களுக்கு 92 வீதம், சிடோவுடினுக்கு மாறியவர்களுக்கு 85 வீதம். பழையதை மாற்றியே ஆகவேண்டும் என்றிருந்த வழக்கம் இங்கே பிழைத்துப் போனது. சிடோவுடினை நாளுக்கு இரு தடவை எடுக்கவேண்டும், அதனால் குருதிச்சோகையும் வரலாம். நோன்பு நாட்களில் ஒரு குளிசைக்கும் இரண்டு வேளைக் குளிசைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை.

டொலுடெக்ராவிரிலும் குறை உண்டு. அதே ஆய்வில் 9 பேரின் வைரசு அதற்கு எதிர்ப்புப் பெற்றது, தாருணாவிர் பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் டொலுடெக்ராவிரை நாளுக்கு இரு தடவை எடுக்கவேண்டும், ஏனென்றால் ரிஃபாம்பிசின் அதை உடலிலிருந்து விரைவாக அகற்றிவிடும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் குருதிப் பரிசோதனை செய்ததும் தொற்றிருந்த தாய்மாருக்கு மருந்து கொடுத்ததும்தான் காரணம். தம்பி பிறக்கமுன் தனக்கும் அந்தப் பரிசோதனை செய்ததாக உம்மா அப்போதுதான் சொன்னார்.

எழுதி முடித்ததும் முழுவதையும் உம்மாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் இருந்தபடியே கடைசிவரை வாசித்தார். “ரெண்டாவதும் தோத்தா?” என்று கேட்டார். மூன்றாம் நிலை மருந்துகளும் இருக்கின்றன, ஆனால் விலை அதிகம், எல்லா நாட்டிலும் இலகுவில் கிடைக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய், உம்மும்மாவின் பிறஷர் குளிசைப் பெட்டியைத் திறந்து, இந்தக் கிழமையில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார்.