பேரீச்சம்பழத்துக்குப் போகாத எண்ணெய் டின்: அடுப்பாகலாம், அரிசி டப்பா ஆகலாமா?

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்...” டெல்டா தெருக்களில் வளர்ந்த முந்தைய தலைமுறைக்கு இந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கும். காரைக்கால் தலத்தெரு ஆனாலும் சென்னை தாம்பரம் ஆனாலும், இன்று அந்த வேலையை லோடு ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர் பார்க்கிறது. பேரீச்சம்பழம் போய், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வந்துவிட்டது.

ஆனால் வீட்டில் காலியான எல்லா டின்னும் அந்த வண்டிக்குப் போய்விடவில்லை. பாதி டின்கள் திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தன. புனலாக, குப்பை முறமாக, உண்டியலாக, எலிப்பொறியாக, பூவாளியாக, சிம்னி விளக்காக, மரத்தூள் அடுப்பாக. ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டால் சல்லடை. அதையே திருப்பிப் பிடித்தால் தேங்காய் துருவி. இன்று இதே பொருள்கள் ‘அப்சைக்கிள்’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. வாங்கலாமா, நாமே செய்யலாமா, எதைச் செய்யவே கூடாது?

தகரம் என்றால் எது?

நாம் ‘தகரம்’ என்று சொல்வது உண்மையில் இரும்புத் தகடுதான். அதன் இரண்டு பக்கமும் வெள்ளீயம் மிக மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். எவ்வளவு மெல்லிசு என்றால், ஒரு மைக்ரானைச் சுற்றித்தான். இந்த வெள்ளீயப் பூச்சுதான் இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பூச்சில் கீறல் விழுந்துவிட்டால், அந்த இடத்தில் இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் நடப்பது நேர்மாறு: அங்கே துத்தநாகம் முன்னால் நின்று தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். உப்புக்காற்று வீசும் காரைக்கால் பக்கத்தில் ஜி.ஐ. வாளி வருஷக்கணக்கில் தாங்குவதும், பிஸ்கட் டின் ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடுவதும் இதனால்தான்.

இந்தியாவில் வீடு வீடாகத் தகரம் நுழைந்ததற்கு மண்ணெண்ணெய்தான் காரணம். நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் சதுர டின்னில்தான் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் வந்தது. அந்த டின்களுக்குத் தகடு வேண்டுமே என்று பர்மா ஆயில் கம்பெனியும் டாடா ஸ்டீலும் சேர்ந்து 1920-ல் ஜாம்ஷெட்பூரின் கோல்முரியில் டின்பிளேட் கம்பெனியைத் தொடங்கின. தகடு ஆலையை ஆரம்பித்ததில் ஒரு பங்காளி எண்ணெய் கம்பெனி என்பதைக் கவனியுங்கள். அந்த நிறுவனம் 2024-ல்தான் டாடா ஸ்டீலோடு இணைக்கப்பட்டது.

எண்ணெய் தீர்ந்ததும் டின் இலவசம். மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு மரக்கட்டையை அடித்தால் தண்ணீர் தூக்கும் வாளி ரெடி. 1937-ல் டால்டா வந்தது. பனைமரம் போட்ட அதன் டப்பா காலியானதும் துளசிச்செடி வைக்கவும் அரிசி அளக்கவும் போனது. ரோடு போடும் தார் டின்னைக்கூட விடவில்லை. பிரித்து, தட்டி, நிமிர்த்தினால் வேலிக்கும் கூரைக்கும் கதவுக்கும் ஆகும் தகடு.

வேலை எப்படி நடக்கிறது?

ஒரு தகர வேலைக்காரரின் மொத்த ஒர்க்‌ஷாப்பும் ஒரு சாக்குப்பையில் அடங்கும். தகரக் கத்தரி, கொட்டாப்புளி, பட்டறைக்கல்லுக்குப் பதிலாக ஒரு துண்டுத் தண்டவாளம், காம்பஸ், சூட்டுக்கோல், கரி அடுப்பு. வெல்டிங் மெஷின் கிடையாது, கரண்டும் வேண்டாம்.

முதலில் டின்னின் மூலைகளை வெட்டி, விரித்து, ஒரே தட்டையான தகடாக்க வேண்டும். பிறகு கணக்கு. புனல் செய்ய வேண்டுமென்றால் கூம்பை விரித்தால் வட்டத்தில் எவ்வளவு பாகம் வரும் என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் அதே கூம்புதான்; இவர்கள் அதைக் கண்ணாலேயே போடுவார்கள்.

வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அதனால் எந்த விளிம்பையும் அப்படியே விடக்கூடாது. ஒரு முறை மடித்துத் தட்டுவார்கள்; வாய்ப்பகுதி என்றால் உள்ளே ஒரு கம்பியை வைத்துச் சுருட்டுவார்கள். கை அறுக்காது, பாத்திரமும் நெளியாது. நல்ல வேலையா, அவசர வேலையா என்று பார்க்க விளிம்பில் விரல் வைத்தால் போதும். ஆன்லைனில் வாங்கும் ‘ஹேண்ட்மேட்’ டப்பாவுக்கும் இதே சோதனைதான்.

இரண்டு ஓரங்களைச் சேர்க்க இரண்டு வழி. ஒன்று, இரண்டையும் கொக்கி மாதிரி மடித்து ஒன்றுக்குள் ஒன்றை மாட்டித் தட்டிவிடுவது. அரிசி, பருப்பு மாதிரி உலர்ந்த பொருளுக்கு இதுவே போதும். தண்ணீர் கசியக்கூடாது என்றால் அதன்மேல் பற்றாசு வைக்க வேண்டும். சூட்டுக்கோலை நவச்சாரத்தில் ஒரு தேய் தேய்த்து, ஈயக்கம்பியைத் தொட்டு, இணைப்பின் மேல் இழுத்தால் ஓடிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-ல். இரண்டையும் கலந்தால் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். வேலைக்கு இது வசதி. வயிற்றுக்கு இதுதான் வம்பு.

‘ஈயம்’ என்ற ஒரே சொல்

தமிழில் வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். கும்பகோணம் ஈயச்சொம்பில் ரசம் வைப்பது வெள்ளீயத்தில். பழைய முறைப் பற்றாசில் இருப்பதோ பாதிக்குப் பாதி காரீயம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் உணவு டின்களில் காரீயப் பற்றாசு போடுவது 1995-ல் தடை செய்யப்பட்டது.

ஆகவே கையால் பற்றவைத்த தகரப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, ஊறுகாய், மோர், எலுமிச்சை ஜூஸ் எதுவும் வேண்டாம். புளிப்பு, காரீயத்தைக் கரைத்து எடுக்கும். புனல் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றலாம், சமையல் எண்ணெய் வேண்டாம். கொக்கி மடிப்பு மட்டும் போட்ட டப்பாவில் பிஸ்கட் பாக்கெட்டையோ பருப்பு பாக்கெட்டையோ கவரோடு வைப்பதில் பயமில்லை.

சட்டமும் இதில் ஒன்று சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் சமையல் எண்ணெயைத் திரும்ப அடைத்து விற்கக்கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பேக்கேஜிங் விதி. ஆக, ஓட்டல்களிலிருந்து வெளியே வரும் 15 கிலோ எண்ணெய் டின் உணவுக்குத் திரும்பக்கூடாது. வேறு பொருளாக மாறலாம், இல்லையென்றால் உருக்கப் போகலாம்.

பெயின்ட் டப்பாவில் இன்னொரு கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களைச் சுரண்டித் தேய்த்து, பொடி பறக்கவிட்டு, பேனா ஸ்டாண்டு செய்யும் ஞாயிற்றுக்கிழமை புராஜெக்ட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

பூச்சிமருந்து டப்பா? வயல்காட்டு ஊர்களில் இது வெறும் கேள்வி இல்லை. பளபளவென்று மூடியோடு இருக்கிறதே என்று தண்ணீர் பிடிக்க எடுத்துப் போகிறவர்கள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் கூடவே கூடாது. காலியானதும் ஓட்டை போட்டு உதவாமல் செய்துவிட வேண்டும். தின்னர், பெட்ரோல் டின்னிலும் சூட்டுக்கோல் வைக்காதீர்கள்; உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

மரத்தூள் அடுப்பு: உண்மையான கெட்டிக்காரத்தனம்

தகர டின்னில் செய்த பொருள்களிலேயே அதிகம் யோசித்துச் செய்யப்பட்டது இந்த அடுப்புதான். பெரிய பெயின்ட் டின் அல்லது எண்ணெய் டின்னின் அடியில், பக்கவாட்டில் ஓர் ஓட்டை. டின்னின் நடுவில் ஒரு பாட்டிலையோ குழாயையோ நிறுத்துவார்கள். பக்க ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டை அதன் அடியைத் தொடும். சுற்றிலும் மரத்தூளை இறுக்கி இடிப்பார்கள். டெல்டாவில் அரவை மில் உமியும் சேரும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் மெதுவாக உருவினால் ‘எல்’ வடிவத்தில் ஒரு சுரங்கம் கிடைக்கும்.

கீழ் ஓட்டையில் பற்றவைத்தால் காற்று அடியில் புகுந்து மேலே இழுக்கும். தூள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நிதானமாக எரியும். தள்ளிவிடவோ ஊதவோ வேண்டாம், மணிக்கணக்கில் ஒரே சீரான தீ. நெல் வேகவைக்கவும் டீக்கடை பாய்லருக்கும் இது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். உமியில் மணல்சத்தான சிலிக்கா அதிகம் என்பதால் சாம்பல் நிறைய விழும். பாத்திரம் தேய்க்க அது.

பலவீனமும் உண்டு. முதல் தீயிலேயே வெள்ளீயப் பூச்சு உருகி ஓடிவிடும்; மிச்சமிருக்கும் வெறும் இரும்பு சீக்கிரம் அரித்து விழும். உள்ளே களிமண் பூசினால் ஆயுள் கூடும். கென்யாவில் 1980-களில் பரவிய ‘ஜிக்கோ’ கரி அடுப்பும் இதே யோசனைதான்: வெளியே பழைய தகரம், உள்ளே சுட்ட களிமண். நைரோபியின் திறந்தவெளிப் பட்டறைக்காரர்களை ‘ஜுவா காலி’ என்கிறார்கள். சுவாஹிலியில் ‘சுள்ளென்ற வெயில்’ என்று அர்த்தம். எந்த அடுப்பானாலும் வெளியே வைத்து எரியுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஒரு விளக்கு கவிழ்ந்தால்

டப்பாவில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகினால் விளக்கு. செலவே இல்லை. ஆனால் உயரமான, லேசான அந்த டப்பா கை தட்டினால் சாயும், உருளும், எண்ணெய் சிந்தும், பாவாடையில் பிடிக்கும். இலங்கையில் இப்படி வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புர, 1992-ல் மாற்று விளக்கைக் கொண்டுவந்தார். அவருக்கு மாதிரி ஒரு மார்மைட் பாட்டில். குள்ளமாக, கனமாக, இரண்டு பக்கம் தட்டையாக. சாய்ந்தாலும் உருளாது, தகர மூடி திருகி இறுகுவதால் எண்ணெய் சிந்தாது. பழைய கண்ணாடியை உருக்கி மலிவாகச் செய்தார்கள். 1998-ல் இதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. டின் விளக்கை இன்று யாராவது ‘விண்டேஜ்’ என்று பரிசளித்தால், அடியில் மணலைக் கொட்டிக் கனமாக்கி, உள்ளே எல்.இ.டி. வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னிலேயே காபி குடித்த கதையும் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவில் பார்சல் காபியைக் காலி கண்டென்ஸ்டு மில்க் டின்னில் ஊற்றி, மூடியில் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் கவர் வந்ததும் அது போனது. இங்கே தகரத்தை விரட்டியதும் பிளாஸ்டிக்தான். பத்து ரூபாய்க்குப் புனல் கிடைத்தபோது, அரை நாள் உட்கார்ந்து புனல் செய்பவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? கேஸ் அடுப்பு வந்தது, மண்ணெண்ணெய் குறைந்தது, கூடவே டின்னும் குறைந்தது.

வீட்டில் முயற்சி செய்ய ஆசையா? ஃபிரிட்ஜ் மேக்னட்டை எடுத்து டப்பாவில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு; மடிக்கலாம், பற்றவைக்கலாம். ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். சாதாரணப் பற்றாசு அதில் பிடிக்காது, அதை வண்டிக்காரரிடமே போட்டுவிடுங்கள். உருக்கித் திரும்ப எடுத்தால், தாதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் மிச்சம். முதல் வேலைக்குச் செடித்தொட்டி நல்லது: அடியில் ஆணியால் உள்ளிருந்து வெளியே ஐந்தாறு ஓட்டை, கீறல் விழுந்த இடங்களில் ஒரு கோட் பெயின்ட், கீழே இரண்டு செங்கல். கையுறை கட்டாயம். கடலோர வீடு என்றால் வருஷம் ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.