கொல்லையில் நின்று கண்ட வான் அதிசயம்!

3 அங்குல டெலஸ்கோப்பில் சிக்கியது புது முகில்

வானத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? மலை உச்சியில் வானாராய்ச்சிக் கூடம் வேண்டும். கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பெரிய பட்டம் வேண்டும். இப்படித்தான் பலரும் எண்ணுவார்கள்.

அது தவறு என்று காட்டினார், ஜே மெக்னீல் என்ற அமெரிக்கர். வானத்தைப் படம் பிடிப்பது அவருக்குத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. கெண்டக்கி மாநிலத்தில் பதூகா என்று ஒரு சிறு நகரம் உண்டு. அங்கே தம் வீட்டுக் கொல்லையில் நின்று அவர் படம் எடுத்தார். அவருடைய டெலஸ்கோப்பின் லென்ஸ் 3 அங்குல அகலம்தான். உள்ளங்கையால் மூடிவிடலாம்!

விண்முகில் என்றால் என்ன?

நட்சத்திரங்களுக்கு நடுவே தூசியும் வாயுவும் திரண்டு, மேகம் போலப் பரவிக் கிடக்கின்றன. இதை விஞ்ஞானிகள் 'நெபுலா' என்பார்கள். விண்முகில் என்று நாம் சொல்லலாம். இது மழை மேகம் அல்ல. நட்சத்திரங்கள் பிறக்கும் தொட்டில்.

சில முகில்கள் தாமே ஒளி விடும். சில முகில்கள் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியை வாங்கிக் காட்டும். பெரும்பாலானவை மிக மங்கல். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் காமிராவுக்குத் தெரியும். ஏன்? நம் கண், பார்த்த ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. காமிரா சேர்த்து வைக்கிறது. உண்டியலில் காசு சேர்வது போல, நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் ஒளி சேர்கிறது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குத் தக்கபடி டெலஸ்கோப்பையும் ஒரு மோட்டார் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். பிறகு பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பார்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய எதிரி தெரு விளக்கு. அதன் வெளிச்சத்தை வடிகட்டத் தனிக் கண்ணாடிகள் உண்டு. தானே சிவப்பாக ஒளிரும் முகிலுக்கு அது உதவும். ஒளியை வாங்கிக் காட்டும் முகிலுக்கு உதவாது. அதற்கு இருட்டு ஒன்றே மருந்து.

1883-ம் ஆண்டிலேயே

வீட்டுத் தோட்டத்தில் நின்று முகிலைப் படம் பிடிப்பது புது வழக்கம் அல்ல. லண்டன் நகரை அடுத்த ஈலிங் என்ற ஊரில் ஆன்ட்ரூ காமன் என்ற என்ஜினீயர் இருந்தார். 1883-ம் ஆண்டில், தம் வீட்டுத் தோட்டத்தில் அமைத்த 36 அங்குல டெலஸ்கோப்பால், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள பெரிய முகிலைப் படம் பிடித்தார். அதே டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் தெரிந்தன! மறு ஆண்டு, ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

மெக்னீல் படம் பிடித்ததும் அதே ஓரியன் கூட்டத்தைத்தான்.

அது என்ன வெள்ளைத் திட்டு?

2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி இரவு. 'மெஸ்ஸியே 78' என்ற முகிலை மெக்னீல் படம் எடுத்தார். அது 1780-ம் ஆண்டு முதலே தெரிந்த முகில். உலகெங்கும் பலர் படம் பிடித்தது.

பின்னர் அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்தார். பெரிய முகிலுக்குப் பக்கத்தில், விசிறி வடிவில் சின்ன வெள்ளைத் திட்டு! இது என்ன? லென்சில் பட்ட ஒளியின் நிழலா? காமிராவின் கோளாறா?

பழைய வானப் படங்களை எடுத்து ஒப்பிட்டார். அந்த இடத்தில் அப்படி ஒரு திட்டு இல்லை. வானியல் நிபுணர்களுக்குச் செய்தி அனுப்பினார்.

அடுத்த மாதமே, ஹவாய் தீவில் மலை மேல் இருக்கும் ஜெமினி டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பியது. அதன் கண்ணாடி 26 அடி அகலம்! அது கண்டது என்ன? மெக்னீல் கண்டது உண்மை. அந்த முகிலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: 'மெக்னீல் முகில்'.

குழந்தை நட்சத்திரம்

முகில் திடீரென்று முளைத்துவிடவில்லை. அங்கே தூசிக்குள் ஒரு குழந்தை நட்சத்திரம் மறைந்திருக்கிறது. அதைச் சுற்றித் தட்டுப் போல வாயு சுழல்கிறது. சில சமயம் அந்த வாயு மளமளவென்று நட்சத்திரத்தின் மேல் விழும். அப்போது அது பல மடங்கு பிரகாசிக்கும். அந்த ஒளி தூசியில் பட்டது; அதுவரை இருட்டில் கிடந்த முகில் தெரிந்தது. இருட்டறையில் விளக்கு ஏற்றியது போலத்தான்!

அந்த முகில் சுமார் 1,300 ஒளி ஆண்டுத் தொலைவில் இருக்கிறது. ஓர் ஒளி ஆண்டு என்பது ஏறக்குறைய 6 லட்சம் கோடி மைல். அங்கே அந்த விளக்கு எரிந்தபோது, காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்!

புத்தகத்தில் இருந்தும் கவனிக்கவில்லை!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. செய்தி பரவியதும் பழைய படங்களை எல்லாம் புரட்டினார்கள். எவரெட் க்ரைமர் என்பவர் 1966-ம் ஆண்டில் எடுத்த படத்தில் அதே முகில் இருந்தது! அவரும் பொழுதுபோக்காகப் படம் எடுத்தவரே. அந்தப் படம் 1978-ல் ஒரு புத்தகத்திலும் அச்சாகியிருந்தது. எத்தனையோ பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

படம் எடுத்தால் மட்டும் போதாது. நேற்று அங்கே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று அதில் மாறுதல் உண்டா என்று பார்க்க வேண்டும். மெக்னீல் செய்தது அதுதான்.

பெரிய டெலஸ்கோப்புகள் வானத்தில் ஒரு சிறு மூலையைத்தான் ஒரு நேரத்தில் பார்க்க முடியும். மற்ற மூலைகளுக்குக் காவல் வேண்டும். கொல்லையிலும் மொட்டை மாடியிலும் கண்விழித்துப் படம் எடுப்பவர்களும் அந்தக் காவலர்கள்தான்.

மெக்னீல் முகில் 2006-ம் ஆண்டுக்குள் மங்கிவிட்டது. 2008-ல் மறுபடி ஒளிர்ந்தது. 2018-ல் மீண்டும் மறைந்தது. இதைக் கவனித்துச் சொன்னவர்களிலும் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் உண்டு.

தை மாத இரவில் வானத்தைப் பார்த்தால், ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்குச் சற்று வடகிழக்கே, தூசிக்குள் அந்தக் குழந்தை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. அது மறுபடி எப்போது விளக்கேற்றும்? முதலில் காண்பவர், தம் வீட்டுக் கொல்லையில் நிற்பவராகவே இருக்கலாம்!